மூன்றாவது அவுட் விழாத இன்னிங்ஸ்

பீனிக்ஸ்,
மார்ச் 16

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. கிரிக்கெட் இல்லாத ஊரில் லீவு நாளில் என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். சொன்னால் சிரிப்பாய், பேஸ்பால் பார்க்கப் போகிறேன். அதுவும் பெரிய ஆட்டக்காரர்களை அல்ல, யாருக்கும் பெயர் தெரியாத பையன்களை.

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிவரை இந்த ஊரைச் சுற்றி 15 மேஜர் லீக் அணிகள், அதாவது உச்ச மட்ட அணிகள், பயிற்சி முகாம் போடும். மீதி 15 ஃப்ளோரிடாவில். எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் போனால் சர்ப்ரைஸ், ஊர்ப்பெயரே அதுதான். டெக்சஸ் ரேஞ்சர்ஸுக்கும் கேன்சஸ் சிட்டி ராயல்ஸுக்கும் அங்கேதான் முகாம். கூட்டமெல்லாம் ஸ்டேடியத்துக்குள். அதற்குப் பின்னால் உள்ள பயிற்சி மைதானங்களில் மைனர் லீக் பையன்கள், அதாவது அந்த அணிகளின் கீழ்மட்டத்தில் வளரும் பையன்கள், ஆடுகிறார்கள். போன சனிக்கிழமை கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றேன்.

பந்து வீசுகிற பிட்சருக்குப் பத்தொன்பது, இருபது வயதிருக்கும். சட்டையில் பெயர் இல்லை, 84 என்ற எண் மட்டும். முதல் பந்து கேட்ச்சரின் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) கையுறையில் விழுந்த சத்தத்தில் பக்கத்து மைதானத்துக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேகமானி வைத்திருந்தவரை எட்டிப் பார்த்தேன்: 97 மைல். கிலோமீட்டரில் 156. தூரம் நம் பிட்சைவிடக் குறைவு, 60 அடி 6 அங்குலம்தான். பந்து தரையில் படாமல் நேரே வருகிறது. ஹெல்மெட் இல்லாமல் நீ காலேஜில் ஓப்பனிங் இறங்கியது ஞாபகம் வந்தது.

ஆனால் அப்புறம் பந்து சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எட்டாத பந்துகளாக வீசி இரண்டு பேரைச் சும்மா முதல் பேஸுக்கு (ரன் ஓடும் வழியில் நிற்கிற இடம்) நடக்கவிட்டான், இன்னொருவனைத் தொடையில் பந்தால் அடித்து அவனையும் அனுப்பினான். எப்படியோ இரண்டு அவுட் எடுத்தான்; மூன்றாவது விழுந்தால்தான் இன்னிங்ஸ் முடியும். மூன்று பேஸிலும் ஆள். நெஞ்சு படபடக்கும் கட்டம் இல்லையா? அப்போது கோச் கையைச் சுழற்றினார், எல்லோரும் கலைந்து உள்ளே போய்விட்டார்கள்! இன்னிங்ஸ் முடிந்ததாம். பக்கத்தில் நாற்காலி போட்டிருந்த தாத்தாவைக் கேட்டேன். "ரோல் பண்ணிவிட்டார்கள்" என்றார். ஒரு இன்னிங்ஸில் இத்தனை பந்துதான் என்று கணக்கு. அதைத் தாண்டினால் மூன்றாவது அவுட்டுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். ஜெயிப்பதும் தோற்பதும் அங்கே பொருட்டே அல்ல, கையைக் காப்பாற்ற வேண்டும். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு அவனே மறுபடி வீச வந்தான். ஆறின கையை மறுபடி சூடாக்கி வீசுவதும் பயிற்சிதானாம்.

நம்மை யாராவது இப்படி எண்ணியிருந்தால் உன் தோள் போயிருக்காது என்று தோன்றியது. ஆனால் இவ்வளவு எண்ணியும் முழங்கை போகத்தான் செய்கிறது. குமார் ராக்கர் என்று ஒரு பிட்சர், அம்மா வழியில் இந்திய வம்சாவளி. 2019இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்காக ஒரே ஆட்டத்தில், யாரையும் அடித்து பேஸ் பிடிக்க விடாமல், அதாவது ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல், 19 பேரை ஸ்டிரைக் அவுட் (பந்துவீச்சாலேயே அவுட்) செய்தவன். அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2021இல் நியூயார்க் மெட்ஸ் அணி எடுத்தது, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் போடவில்லை. அடுத்த வருடம் ரேஞ்சர்ஸ் மூன்றாவது ஆளாக எடுத்தது. 2023இல் டாமி ஜான் ஆபரேஷன், முழங்கையில் சேதமான நாரை மாற்றிப் பொருத்துவது. 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீக் மைதானத்தில் கால் வைத்தான். அவ்வளவு புகழ் வாங்கியவனுக்கே இந்த அலைச்சல்.

சம்பளம் கேட்டால் நம்ப மாட்டாய். டிரிபிள்-ஏ என்பது மேஜர் லீகுக்கு ஒரு படி கீழே. 2022இல் அங்கே குறைந்தபட்சம் வருடத்துக்கு 17,500 டாலர்; இந்த ஊரில் வாடகைக்கே பத்தாது. இந்த முகாம் நாட்களுக்குச் சம்பளமே தராத காலமும் இருந்தது. வீரர்கள் வழக்குப் போட்டார்கள், 2022இல் 18.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. 2023இல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்து அந்தக் குறைந்தபட்சம் 35,800 ஆனது. அதே ஒப்பந்தத்தில் ஒரு அணி வைத்துக்கொள்ளும் மைனர் லீக் ஆட்களின் உச்சவரம்பை 180இலிருந்து 165ஆகக் குறைத்துவிட்டார்கள். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற வேலை, வேறென்ன?

முகாம் முடியும் வாரத்தில் சிலருக்குச் சீட்டு கிழியும். அடுத்த சனிக்கிழமை 84 இருக்கிறானா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன். தோளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாயே, இப்போது எப்படி இருக்கிறது? கமலாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி