கவுலூனிலிருந்து அக்காவுக்கு

கவுலூன், ஹாங்காங்
1964 ஜனவரி 19, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

முதலில் அம்மாவின் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொள்கிறேன். நான் அங்கே இல்லாததால், எனக்குப் பதிலாகத் தம்பியை ஒரு தடவை கூடுதலாக ஒற்றச் சொல்.

உன் கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்துவிட்டது. இன்றைக்குத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஐந்து மாதமாக ஒரு வரி இல்லையே, பேண்டுக்காரனுக்குக் கை ஒடிந்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். கை நன்றாக இருக்கிறது. எழுதாததற்குக் காரணம் சோம்பல்தான், வேறொன்றும் இல்லை. அம்மா கேட்டால் மட்டும் வேலை அதிகம் என்று சொல்லிவிடு.

இங்கே எல்லோர் வாயிலும் தண்ணீர்தான் பேச்சு. போன வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஜூன் 1-ம் தேதியிலிருந்து நாலு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் நாலே மணி நேரம், குழாயில் வருகிறது. சீனாவுக்குக் கப்பலை அனுப்பி முத்து ஆற்றிலிருந்து அள்ளிக்கொண்டு வருகிறார்கள் என்றால் பார்த்துக்கொள். கடல் ஏறினால் கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்குகிற, மணிலாப் பக்கத்து மலபோன்காரனுக்கு இப்படி ஒரு ஊர்! என் அறையில் ஆறு மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். டின்கள் சுவரை அடைத்துக்கொண்டதால் என் பேஸ் வாத்தியத்துக்கு இடமில்லை. அதைக் கட்டிலில் சாத்திவிட்டு அதன் பக்கத்தில் ஒடுங்கிப் படுக்கிறேன். சம்பந்தம் முடிந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல். பெண் கொஞ்சம் பருமன், வாய் பேசாது.

குழாய் திறக்கிற நாளில் கீழ்மாடிக்காரர்கள் முழுவதையும் பிடித்துக்கொள்வார்கள், மேலே வெறும் காற்றுதான் வரும். உடனே கட்டடம் முழுக்க "கீழே குழாயை மூடு!" என்று கத்தல் கிளம்பும். எனக்குத் தெரிந்த கான்டனீஸில் தப்பில்லாமல் சொல்ல வருவது அந்த ஒரு வாக்கியம்தான். எல்லோரையும்விட உரக்கக் கத்துவது எனக்கு நேர் மேலே இருக்கிற கிழவி. ஷாங்காய்க்காரி, 1949-ல் இங்கே வந்தவள். முதல் நாள் மாடிப்படியில் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து நம் டகாலோக் மொழியில் தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொன்னாள். அம்மா காதில் விழுகிற கடிதத்தில் எழுத முடியாத வார்த்தை. அந்தக் காலத்தில் ஷாங்காய் நடன அரங்குகளில் வாசித்ததெல்லாம் நம் ஆட்கள்தானே. ஏதோ ஒரு டிரம்மர் அதுதான் வணக்கம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான், பாவி! நானும் திருத்தவில்லை. இப்போது தினமும் படிக்கட்டில் என்னை அன்பாகத் திட்டிவிட்டுப் போகிறாள். தண்ணீர்ப் பஞ்சத்திலும் தன் குருவிக்குச் சோயா சாஸ் கிண்ணத்தில் குளிக்க ஊற்றி வைக்கிறாள். அந்தக் குருவி என்னைவிடச் சுத்தம்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஐஸ் எல்லாம் விழாது, பயப்படாதே. ஆனால் வீட்டில் அடுப்புச் சூடு கிடையாது, தரை சிமெண்ட். அறைக்கு உள்ளே இருப்பதைவிடத் தெருவில் நடந்தால்தான் கதகதப்பு. பேஸின் குடல் நரம்பு இரண்டு பாட்டுக்கு ஒரு தடவை சுருதி விலகுகிறது. நீ பின்னி அனுப்பிய ஸ்வெட்டரை டின்னர் ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்கிறேன். மேடையில் பார்க்கிறவர்கள் நான் நன்றாகச் சாப்பிடுவதாக நினைக்கிறார்கள்.

வேலை உனக்குத் தெரிந்ததுதான். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தேநீர் நடனம், அப்புறம் ஒன்பதிலிருந்து இரண்டு வரை கிளப். இங்கே பாடகிகள் கொண்டு வருகிற தாளில் ஐந்து கோடே இருக்காது, எல்லாம் எண்கள். தோவுக்கு 1, ரேவுக்கு 2, இப்படி 7 வரை. மேல் ஸ்தாயி என்றால் எண்ணின் தலையில் ஒரு புள்ளி, கீழ் ஸ்தாயி என்றால் காலடியில். அடியில் கோடு போட்டால் பாதி நேரம், சும்மா இருக்க வேண்டிய இடத்துக்கு 0. முதலில் பார்த்தபோது மளிகைக் கடைக் கணக்கு என்றே நினைத்தேன். ராத்திரி அந்தத் தாளைக் கையில் கொடுப்பார்கள். மறுநாள் சாயங்காலத்துக்குள் பதினொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் பிரித்து எழுத வேண்டும். இப்போது ஏழு வாத்தியம்தான், அதனால் எழுத்து வேலை குறைவு. ஆள் குறைந்தது என் வசதிக்காகத்தான். மேடை சின்னது. எலெக்ட்ரிக் கிட்டார் வைத்துக்கொண்டு நாலு நாலு பையன்களாகக் கிளம்பியிருக்கிறார்கள், முதலாளிகளுக்கு அவர்கள்மேல் ஒரு மயக்கம். போகப் போகத் தெளிந்துவிடும்.

கிளப் எதிர்க்கரை வான்சாயில், அறை இந்தப் பக்கம். நடுவில் ஸ்டார் ஃபெரி. மேல்தளம் இருபது சென்ட், கீழ்தளம் பத்து. பேஸைத் தூக்கிக்கொண்டு மேலே ஏற முடியாது என்பதால் கீழேதான் போகிறேன். ராத்திரி கடைசி ஃபெரி போன பிறகு வாலா-வாலா என்று சின்ன மோட்டார் படகு கிடைக்கும். கடல் நன்றாக இருந்தால் அதிலும் ஏறுவதில்லை. படித்துறையில் பேஸை மடியில் சாய்த்துக்கொண்டு முதல் ஃபெரி வரை காற்று வாங்குவேன். எதிர்க்கரை விளக்கெல்லாம் தண்ணீரில் தெரியும், பார்த்துக்கொண்டே எழுதலாம். அழகான ஊர், அக்கா.

என் தெருவில் எல்லாம் உண்டு. செருப்புத் தைக்கிறவர், பாம்புச் சூப் கடை, பல் கட்டுகிறவர். முக்கில் ஓர் அடகுக் கடை. வௌவால் காசைக் கவ்வின மாதிரி பலகை தொங்கும். உள்ளே யார் நிற்கிறார் என்று தெருவுக்குத் தெரியாதபடி வாசலில் மரத்தடுப்பு. கவுண்டர் என் தலைக்கு மேலே இருக்கும், கொடுக்கிற பொருளை எக்கித்தான் நீட்ட வேண்டும். வாங்குகிறவர் முகத்தை நிமிர்த்திப் பார்க்காமல் ரசீதில் ஏதோ கிறுக்கித் தருவார், சீனர்களுக்கே அந்தக் கையெழுத்து புரியாதாம். நம் டிரம்மர் சொல்லக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் பூசை மாதிரி. காலையில் நிஜப் பூசை, அப்புறம் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா ஒத்திகை. அதில் முக்கால்வாசிப் பேர் வேறு பிழைப்பு உள்ளவர்கள்தான். காற்று வாத்தியங்களிலும் பேஸிலும் நம் கிளப் ஆட்கள் நிறைய உட்கார்ந்திருப்போம், எல்லோருக்கும் தூக்கக் கண். நடத்துகிறவர் அர்ரிகோ ஃபோவா, இத்தாலியர், அவரும் ஷாங்காயிலிருந்து வந்தவர்தான். 1962-ல் திறந்த சிட்டி ஹால் இருக்கிறதே, அங்கே பேஸின் கீழ்நரம்பை ஒரு இழுப்பு இழுத்தால் பலகைத் தரை வழியாக உள்ளங்காலுக்கு வந்து சேரும். கிளப்பில் அந்த நரம்பு என் காதுக்கே கேட்காது.

அத்தான் ஏதோ சொன்னதாக எழுதியிருந்தாய், காபரேயில் வாசிக்கிறவனுக்கு சிம்பொனி எதற்கு என்று. கோபம் இல்லை. ஆனால் நம் இசையமைப்பாளர் அபெலார்தோவும் பையனாக இருந்தபோது காபரேயிலும் படக்கொட்டகையிலும் பியானோ தட்டித்தான் பிழைத்தார் என்று அத்தானிடம் சொல். அவருடைய குந்திமான் பாட்டைத்தானே உன் கல்யாணத்தில் அழுதுகொண்டே கேட்டார்! பேஸ் வாசிக்கிற அஞ்ஹெல் பென்யாவைப் பார்க்கச் சொல். ஜாஸும் எழுதுகிறார், ஆர்கெஸ்ட்ராவுக்கும் எழுதுகிறார்.

கப்பல் சிப்பந்தியிடம் நீ கொடுத்தனுப்பிய பத்தீஸ் மீன் சாஸ் பாட்டில் வந்தது. பாதிதான் வந்தது, அக்கா. மூடி தளர்ந்து பெட்டிக்குள் ஒழுகிவிட்டது. பெட்டியில் வேறு என்ன இருந்தது தெரியுமா? என் சிம்பொனியின் இரண்டாம் பகுதி, முப்பத்திரண்டு தாள். நல்ல பிரதி எடுத்துத் தர அவனிடம் கொடுத்துத் திரும்ப வாங்கியது. சட்டை காயப்போடுகிற மூங்கில் கழியில் தாள் தாளாகத் தொங்கவிட்டேன். கழுவத் தண்ணீர் ஏது? கிழவி மேலேயிருந்து எட்டிப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டாள். காய்ந்த பிறகு ஓரமெல்லாம் பழுப்பு, செல்லோ வரிகள் கலைந்துவிட்டன. திரும்ப எழுதுவதற்காக ஒரு தாளை முகத்துக்கு நேரே தூக்கினேன். நம் வீட்டுக் கொல்லை. ஜாடி வரிசை, வெயிலில் புளித்த மீன், அம்மா மூடியைத் திறந்து விரலை விட்டு ருசி பார்ப்பது. அன்றைக்குத் தேநீர் நடனத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். மிச்சப் பாட்டிலை இன்னும் சோற்றில் ஊற்றவில்லை, ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. அம்மா பன்சித் நூடுல்ஸில் சிப்பியை இப்போதும் கடைசியில்தான் போடுகிறாளா?

1945 மே மாதம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு சாந்தா குரூஸ் கோயிலுக்குப் போனது நினைவிருக்கிறதா? உனக்குக் காய்ச்சல், வீட்டில் இருந்தாய். குண்டு விழுந்து கூரை இல்லாத கோயிலில் நடத்துனர் ஸிப்பர் மணிலா சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து பேத்தோவனின் மூன்றாவது சிம்பொனியை வாசிக்கவைத்தார். மணிலாவே சுடுகாடாகக் கிடந்தது. நான் வாயைப் பிளந்து நின்றேன். அப்பா வீடு வரும் வரை ஒன்றும் பேசவில்லை. பாலத்தருகே வந்ததும், "இத்தனை பேர் சேர்ந்து வாசிக்கிறார்களே, ஒரு மூங்கில்கூட இல்லையே" என்றார். அப்பாவுக்கு உலகத்தில் பேண்டு என்றால் 1896-ல் புரட்சிக்காரர்கள் தொடங்கிய நம் ஊர் மூங்கில் பேண்டுதான். அன்றைக்குச் சிரித்தேன்.

இப்போது கடைசிப் பகுதியில் மூங்கில் வருகிறது. எல்லா வாத்தியமும் நின்ற பிறகு அது மட்டும் எட்டுச் சந்தம். அதனால் ஓர் உதவி. அப்பாவின் பெரிய மூங்கில் மாமா வீட்டுப் பரணில் இருக்கிறது. தம்பியை அனுப்பி நீளத்தை அளக்கச் சொல், துளை எவ்வளவு அகலம், எத்தனையாவது கணுவில் என்றும் குறித்து வரட்டும். கணுவில் வெடிப்பு இருந்தால் அதையும் எழுது. இங்கே மூங்கில் சாரம் கட்டுகிறவர்களிடம் நல்ல மூங்கில் கிடைக்கும்.

மாமா என்றதும் மீன்குளம் ஞாபகம் வந்தது. கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்புகிறேன், ஆனால் முழுவதையும் விற்க வேண்டாம். மதகை ஒட்டின பாகத்தை வைத்துக்கொள். மதகு கைவிட்டுப் போனால் மற்ற குளத்துக்குத் தண்ணீர் விட அவரிடம்தான் கெஞ்ச வேண்டும். என்ன விலை பேசியிருக்கிறார் என்று உன் கடிதத்தில் இல்லை. ஞானத்தந்தையையும் கூட வைத்துக்கொண்டு கேள். வருகிற பணத்தில் என் பங்கை எனக்கு அனுப்ப வேண்டாம், சமையலறைக் கூரைக்குப் போடு. மிச்சம் இருந்தால் மட்டும் கொஞ்சம் அனுப்பு, பேஸுக்கு நரம்பு மாற்ற வேண்டும். கூரைக்குப் பிறகுதான்.

நான் தர வேண்டிய பணம் பிப்ரவரியில் நிச்சயம். 13-ம் தேதி சீனப் புத்தாண்டு, அதற்கு முன் இங்கே எல்லோரும் கணக்குத் தீர்ப்பார்கள்.

தம்பி கன்சர்வேட்டரியை விட்டுவிட்டு என் பேண்டில் பியானோ வாசிக்க வருகிறேன் என்கிறானாம். வேண்டாம். என் பேண்டில் இப்போது பியானோ கிடையாது. படிப்பை முடிக்கட்டும், ஹார்மனிப் பாடத்தில் எவ்வளவு வாங்கினான் என்று அவனே எனக்கு எழுதட்டும். அவன் கேட்டால் அண்ணன் கோபமாக இருக்கிறான் என்று சொல். இந்தக் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டாதே, அளவு எடுக்கிற விஷயத்தை வாயால் சொல்.

அப்பாவின் கைக்கடிகாரம் ஓடுகிறதா என்று அம்மா கேட்டாளாம். பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன். புத்தாண்டுக்குப் பிறகு வாங்கிக்கொள்வேன். அதுவரை மேல்வீட்டுக் கிழவிதான் எனக்குக் கடிகாரம். இதோ கத்த ஆரம்பித்துவிட்டாள், குழாய் திறந்த மாதிரி இருக்கிறது. ஆறு டின்னும் காலி, நிறுத்துகிறேன்.

உன் தம்பி

பி.கு. துளையைக் கயிற்றால் அளக்கச் சொல்லாதே, கயிறு இழுபடும். அம்மாவின் தையல் டேப்பை எடுத்துப் போகட்டும்.