கடலாமைகளின் தடம் மீனவர் கைக்கும் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆலிவ் ரிட்லி ஆமைகள் செத்து ஒதுங்கியபின், ஆமைகளுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அவற்றின் வழித்தடத்தை அறிய வேண்டும் என்ற பேச்சு வலுத்திருக்கிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தத் தகவல் யார் கைக்குப் போய்ச் சேரும் என்பது பற்றி யாரும் பேசக் காணோம்.

ஒடிசாவில் 2021-இல் எண் பொறித்த உலோக அடையாள வில்லை மாட்டி விடப்பட்ட ஓர் ஆமை, 2025-இல் மகாராஷ்டிரத்தின் குகாகர் கரையில் முட்டையிட வந்தது. இடைப்பட்ட காலத்தில் அது எந்தக் கடலில் திரிந்தது என்பதை வில்லையால் சொல்ல முடியாது. மின்னணுக் கருவியால் முடியும். ரேடியோ அலை கடல்நீரைக் கடக்காது என்பதால், ஓட்டின்மேல் ஒட்டப்பட்ட அக்கருவி, ஆமை மூச்சு வாங்க மேலே வரும் சிறு பொழுதில்தான் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்புகிறது. அவ்வளவு அரிதாகக் கிடைக்கும் தகவல், ஆய்வுக் கட்டுரை அச்சாகும்வரை பூட்டிக் கிடப்பது முறையன்று. தென் துருவக் கடலில் யானைச் சீல்களின் தலையில் ஒட்டிய கருவிகள் அளக்கும் நீரின் வெப்பமும் உப்பும் எந்நாட்டவரும் இலவசமாகப் பெறும்படி வெளியிடப்படுகின்றன.

கடலே இல்லாத தருமபுரிக்காரருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் காவிரி நீர்வரத்து அன்றாடம் வெளியாவதால்தான், ஒகேனக்கல்லில் பரிசல் இயக்கலாமா என்பது முதல் டெல்டாவின் சாகுபடிக் கவலை வரை அந்தக் கன அடிக் கணக்கைப் பார்த்தே பேசப்படுகிறது. ஆமைகள் கூடும் இடமும் அவ்வாறே தெரிய வேண்டும். கிழக்குக் கடற்கரையின் 61 நாள் மீன்பிடித் தடை ஏப்ரல் 15-இல்தான் தொடங்குகிறது. ஆமைகளோ ஜனவரியிலேயே கரையை நெருங்கிவிடுகின்றன. அந்த மாதங்களில், ஆமைகள் சிக்கி மூச்சுத் திணறிச் சாகும் இழுவை வலையை எங்கே தவிர்க்கலாம் என்று மீனவர்களோடு உட்கார்ந்து பேச, கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி மட்டும் போதாது, வரைபடம் வேண்டும்.

அரிய விலங்கு நிற்கும் இடத்தை உடனுக்குடன் அறிவிப்பது வேட்டைக்கு வழிவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே, தனித்தனி ஆமையின் இருப்பிடத்தைத் தவிர்த்து, அவை திரளும் பகுதியை மட்டும் பருவகாலத்தில் வாரந்தோறும் அறிவிக்கலாம். முழுத் தடத்தைப் பருவம் முடிந்தபின் வெளியிடலாம். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் மீன்வளம் மிகுந்த பகுதிகளை ஏற்கெனவே தமிழிலும் அறிவித்து வருவதால், புதிய ஏற்பாடு எதுவும் தேவைப்படாது. கருவி பொருத்த அனுமதி தரும் ஆணையிலேயே தகவல் வெளியிடும் நாளையும் குறிப்பிடுமாறு வனத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியர் ஒருவர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.