பழைய செங்கல், புதிய தலைநகர்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு மலரில் வந்த பாங்காக் பயணக் கட்டுரை சுவையாக இருந்தது. ஆனால் அரண்மனையைப் பக்கம் பக்கமாக வர்ணித்தவர், ஊர் பிறந்த கதையை விட்டுவிட்டாரே! 1782 ஏப்ரலில் முதலாம் ராமா தாய்லாந்தின் அரியணை ஏறி சக்ரி வம்சத்தைத் தொடங்கினார். கையோடு தலைநகரைத் தோன்புரியிலிருந்து சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றினார். அங்கே குடியிருந்த சீனர்களைச் சாம்பெங் (இன்றைய சைனாடவுன்) பக்கம் போகச் சொல்லிவிட்டார்கள். அப்புறம், 1767இல் பர்மியப் படை அழித்த பழைய தலைநகரான அயுத்தயாவின் இடிபாடுகளிலிருந்து செங்கல்லைப் பெயர்த்து, ஆற்று வழியே படகில் கொண்டுவந்து புதிய தலைநகரைக் கட்டினார்கள். வீட்டை இடித்துக் கட்டும் நம் ஊர்க் கொத்தனாருக்கு இந்தச் சிக்கனம் புரியும். நம் திருவெம்பாவை தாய்லாந்து அரசவைச் சடங்கில் ஒலித்ததையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

– வாசகர், மதுரை