‘எல்.சி. முடிஞ்சுது’ என்றால் என்ன அர்த்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் கடலூர் பக்கத்தில், ஒரு மூலையில், ‘நாளைய மின்தடை’ என்று சின்னதாக ஒரு கட்டம் வரும். எங்கள் வீட்டில் பேப்பர் வந்ததும் முதலில் படிக்கப்படுவது அதுதான். என் மனைவிக்கு டேங்கை நிரப்ப வேண்டும், மாவு அரைத்து வைக்க வேண்டும். நான் படிப்பது வேறு காரணத்துக்காக. காலை 9 மணி முதல் மதியம் 2 மணி வரை என்று போட்டிருந்தால், அந்த ஐந்து மணி நேரமும் யாரோ சில பேர் 11 ஆயிரம், 22 ஆயிரம் வோல்ட் ஓடுகிற கம்பியில் கை வைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். இரண்டு அடித்து ஐந்து நிமிஷம் ஆனதும் துணைமின் நிலையத்துக்கு ஃபோன் போட்டு, ‘ரெண்டுன்னு போட்டிருந்தீங்களே, இன்னும் வரலையே’ என்று கேட்கிறவர்களில் என் சம்பந்தியும் ஒருவர். அந்த ஃபோன் எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நான் சிப்காட்டில் ஓர் ஆலையின் மின் பிரிவில் 1985 முதல் 2018 வரை இருந்தவன். ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேனுக்கான ‘பி’ லைசென்ஸ் வாங்கி, அப்புறம் சூப்பர்வைசருக்கான ‘சி’ லைசென்ஸ் வாங்கி, ஹெச்.டி. யார்டு, அதாவது உயர் அழுத்த மின் கருவிகள் நிற்கிற வளாகத்தின் சூப்பர்வைசராக ரிட்டையர் ஆனேன். போன மாதம் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் ஒரு சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினான். ஒப்பந்தக்காரர் மூலமாக ஓர் ஆலையில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. உயர் அழுத்த மின் கருவிகளை இயக்கப் பயிற்சி பெற்றவர் என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, லேமினேஷன் எல்லாம் செய்திருந்தது. என்னப்பா சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். ஹாலில் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் இங்கிலீஷ் வீடியோ போட்டார்களாம். கடைசியில் பத்துக் கேள்வி. பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து டிக் அடித்தானாம்.

‘சரி, ஐசோலேட்டரை எப்போ திறக்கணும்?’ என்றேன்.

‘சார் சொன்னதும், தாத்தா.’

அவன் அம்மா எதிரில் நின்றதால் சிரித்து வைத்தேன். ஐசோலேட்டர் என்பது லைனைப் பிரித்து வைக்கிற வெறும் கத்தி. ஓடுகிற கரண்டை அறுக்கிற சக்தி அதற்குக் கிடையாது. அதற்காகத்தான் பிரேக்கர் என்று ஒன்று தனியாக இருக்கிறது. பிரேக்கரைத் திறந்து லோடை இறக்கிய பிறகே ஐசோலேட்டரைத் தொட வேண்டும். மாற்றிச் செய்தால் பிரிகிற கத்திகளுக்கு நடுவில் தீ நாக்கு இழுத்துக்கொண்டே வரும். அந்தத் தீயின் சூடு சூரியனின் மேற்பரப்பைவிட அதிகம். திரும்பச் சார்ஜ் செய்யும்போது, அதாவது லைனுக்குக் கரண்ட் கொடுக்கும்போது, வரிசை தலைகீழ்: எர்த்தை (வேலை நடக்கிறபோது கம்பியைத் தரையோடு இணைத்து வைக்கிற வயர்) எடுத்து, ஐசோலேட்டரைப் போட்டு, கடைசியில் பிரேக்கர். இந்த ஒரு வரிசை தெரியாத பிள்ளையின் கையில்தான் அந்தச் சான்றிதழ் இருக்கிறது.

என் விஷயத்துக்கு வருகிறேன். 1996, ஆடி மாதம். எங்கள் யார்டில் 22 கே.வி. (22 ஆயிரம் வோல்ட்) லைன் உள்ளே வந்து இரண்டு டிரான்ஸ்பார்மருக்குப் பிரியும். அப்படிப் பிரிகிற ஒவ்வொரு பகுதியையும் ‘பே’ (bay) என்போம். கடலோரம் என்பதால் இரும்பு நிலைக்காது, உப்புக்காற்று தின்றுவிடும். அதனால் ஸ்ட்ரக்சருக்குப் பெயின்ட் அடிக்க மூன்று ஒப்பந்த ஆட்கள் வந்திருந்தார்கள். முதல் பேயை நானே நிறுத்தி, பூட்டி, எர்த் போட்டு எல்.சி. கொடுத்தேன். எல்.சி. என்றால் லைன் கிளியர்: ‘இதில் கரண்ட் இல்லை, நீ ஏறலாம்’ என்று எழுதிக் கொடுக்கிற உத்தரவாதம். மூன்று மணி சுமாருக்கு அந்தப் பேயில் வேலை முடிந்தது. மழை கருத்துக்கொண்டு வந்தது. புரொடக்ஷனில் இருந்து ஃபோன் மேல் ஃபோன். மூன்று பேரில் ஒருவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவரை நான் எண்ணவில்லை. மற்ற இருவரிடம் எல்.சி.யைத் திரும்ப வாங்கி, எர்த்தை எடுத்துவிட்டு, கன்ட்ரோல் ரூம் வாசலில் இருந்து கத்தினேன்: ‘எல்.சி. முடிஞ்சுது!’

நான் சொன்னது, எல்.சி. தீர்ந்தது, இனி யாரும் கிட்டே போகாதே என்று. டீ குடித்துவிட்டு வந்தவர் புரிந்துகொண்டது, அடுத்த பேக்கு எல்.சி. வாங்குகிற வேலை முடிந்தது, ஏறலாம் என்று. அந்த இரண்டாவது பே காலையில் இருந்தே சார்ஜில்தான் இருந்தது. மழைக்கு முன்னால் முடித்துவிடுவோம் என்று ஏணியைச் சாத்தி ஏறினார். பிரஷ் பிடித்த கை கம்பியைத் தொடக்கூட இல்லை. 22 கே.வி.க்குத் தொட வேண்டிய அவசியம் இல்லை, நெருங்கினால் அதுவே தாவும்.

புதுச்சேரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டார். வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது. இப்போது பண்ருட்டியில் ஒரு பலாப்பழ மண்டியில் கணக்கு எழுதுகிறார், இடது கையால். ஒவ்வொரு சீசனிலும் போய்ப் பார்ப்பேன். ஒரு பழம் கொடுத்து அனுப்புவார், காசு வாங்க மாட்டார்.

விசாரணையில் ஒரு ஃபைலை எடுத்து நீட்டினார்கள். வேலைக்கு வந்த அன்றே பாதுகாப்புப் பயிற்சி பெற்றதாக, இரண்டு பக்க ஆங்கிலப் படிவம். அடியில் அவருடைய தமிழ்க் கையெழுத்து, போன அந்தக் கையால் போட்டது. ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். அந்தத் தாளில் சாட்சியாக நானும் கையெழுத்துப் போட்டேன். இதை இவ்வளவு வருஷம் வெளியில் சொன்னதில்லை.

அதற்கப்புறம் என் யார்டில் ‘முடிஞ்சுது’ என்ற சொல்லுக்குத் தடை போட்டேன். ‘ஆயிடுச்சு’, ‘ஓகே’, ‘கிளியர்’ எதுவும் கூடாது. ‘எல்.சி. கொடுத்தாச்சு’, ‘எல்.சி. திரும்ப வாங்கியாச்சு’, இந்த இரண்டே வாக்கியம்தான். கேட்டவன் அதைப் பே நம்பரோடு திருப்பிச் சொல்ல வேண்டும். பையன்கள் இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டேன். ஏறுகிற ஒவ்வொருவனும் தன் பூட்டைத் தானே போட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பேர் என்றால் மூன்று பூட்டு. தன் பூட்டு தொங்காத பேயில் எவனும் கால் வைக்கக் கூடாது. பக்கத்துப் பேயைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்ட வேண்டும். கயிற்றுக்கு என்ன ஆகும், முப்பது ரூபாய்.

பயிற்சி என்றால் என்ன என்று எனக்கு உறைத்தது அந்தக் காலத்தில்தான். கம்பியில் கரண்ட் இல்லை என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது, சோதிக்க வேண்டும் என்பது பாடம். எப்படிச் சோதிப்பது? கரண்ட் இருந்தால் சத்தம் போடுகிற டிடெக்டரை முதலில் உயிருள்ள லைனில் காட்ட வேண்டும், கத்துகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யப்போகிற லைனில். பிறகு மறுபடியும் உயிருள்ள லைனில். மூன்றாவது தடவை எதற்கு என்று கேட்காத பையனே கிடையாது. நடுவில் அதன் பேட்டரி தீர்ந்துபோயிருந்தால் அதுவும் ‘கரண்ட் இல்லை’ மாதிரிதானே இருக்கும்! எர்த் போடும்போது தரைப் பக்கத்துக் கிளாம்பு முதலில், லைன் பக்கம் அப்புறம். எடுக்கும்போது லைன் பக்கம் முதலில். இதை மாற்றிச் செய்கிற நிமிஷத்தில், ஏதோ ஒரு வழியாக அந்தக் கம்பியில் கரண்ட் இருந்தால், எர்த்தைக் கம்பியில் மாட்டுகிற ராடைப் பிடித்திருப்பவன்தான் எர்த். ரப்பர் கையுறையைச் சுருட்டி உள்ளே காற்றை அடைத்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்தால், ஊசித் துளை இருந்தாலும் காற்று சில்லென்று தெரியும். இதெல்லாம் வீடியோவிலும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. சித்திரை வெயிலில் ஹெல்மெட்டும் கையுறையும் போட்டு, வியர்வை கண்ணில் இறங்குகிறபோது அந்த வரிசை பிசகாமல் வருகிறதா என்பதை எந்த வீடியோ சோதிக்கும்?

இன்னொன்று. எங்கள் யார்டுச் சுவரில் மின் அதிர்ச்சிக்கான முதலுதவி சார்ட் தொங்கியது. ஆளைக் குப்புறப் போட்டு முதுகை அழுத்துகிற மிகப் பழைய முறைப் படம். நெஞ்சை நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டதே ரிட்டையர் ஆகிற வயதில்தான். இதற்கு ஒரு பொம்மை வேண்டும், ஒரு மணி நேரம் வேண்டும், அவ்வளவுதான்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்த பிறகு, வெளி மாவட்டங்களில் இருந்து மின்வாரிய ஆட்கள் வந்து கல்யாண மண்டபங்களில் தங்கி வேலை செய்தது கடலூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். எங்கள் தெருவுக்கு வந்த குழுவில் ஒரு பெரியவர், மதுரைப் பக்கம். நாள் கணக்கில் இருட்டில் கிடந்த ஜனம் சுற்றி நின்று சத்தம் போடுகிறது. மனிதர் அசையவில்லை. வேலை செய்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் போட்டு, கம்பிகளைச் சேர்த்துக் கட்டாமல் ஒருத்தனையும் ஏற விடவில்லை. ‘ஊருக்கே கரண்ட் இல்ல, எங்கேர்ந்துய்யா வரப்போகுது?’ என்று என் பக்கத்து வீட்டுக்காரர் எகிறினார். பெரியவர் எதிர்ச் சந்தில் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டரைக் கையால் காட்டினார். ‘அந்தா உறுமுதுல்ல, அங்கிட்டிருந்துதேன்.’

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மெயின் சப்ளையைத் துண்டிக்காமல் வீட்டு லைனிலேயே ஜெனரேட்டரைச் சொருகினால், கரண்ட் சர்வீஸ் வயர் வழியாக வெளியே போகும். 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்குகிற அதே டிரான்ஸ்பார்மர், பின்பக்கமாக 230 கொடுத்தால் அதை ஆயிரக்கணக்கில் ஏற்றி மேலே அனுப்பிவிடும். அங்கே கம்பத்தில் உட்கார்ந்திருப்பவன், ஊரே இருட்டு என்று நம்பி உட்கார்ந்திருப்பான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோதும் எங்கள் தெருவில் ஜெனரேட்டர்கள் ஓடின. மெயின் சப்ளையைத் துண்டித்துவிட்டு ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இருந்தது இரண்டு வீட்டில், அதில் ஒன்று என் வீடு.

அந்தப் பெரியவருக்கு யாரோ ஒருவர் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். நான் கேட்பதும் அதுதான். கழித்துப் போட்ட டிரான்ஸ்பார்மர் ஒன்று, ஆயுள் முடிந்த பிரேக்கர் ஒன்று, நாலு கம்பம், கம்பத்தில் லைனைப் பிரிக்கிற ஏ.பி. சுவிட்ச் ஒன்று. சிப்காட்டில் ஆலைகளின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் இதெல்லாம் எடைக்குப் போகக் காத்துக் கிடக்கும். அதைக் கடலூர் அரசு ஐ.டி.ஐ. மாதிரி ஓர் இடத்தில் நட்டு, சப்ளையே கொடுக்காமல் ஒரு பயிற்சி யார்டு ஆக்கலாம். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படிப்பு இரண்டு வருஷம். மோட்டாரும் வயரிங்கும் நன்றாகவே கற்று வருகிறார்கள். ஆனால் ஹெச்.டி. ஸ்ட்ரக்சரில் ஒரு தடவைகூட ஏறாமல் நேராக என் யார்டுக்கு வந்த பிள்ளைகள் நிறைய. வேலையில் இருப்பவர்களும் வருஷத்துக்கு இரண்டு நாள் அங்கே வந்து, பூட்டி, சோதித்து, எர்த் போட்டு, வாயால் சொல்லிக் காட்டிவிட்டுப் போகட்டும். அவர்களோடு பெயின்டர், புல் வெட்டுகிறவர், ஏணி பிடிக்கிறவர் எல்லாரும் வர வேண்டும். நிரந்தர ஆட்களுக்குப் பெரிய நிறுவனங்களில் ஏற்பாடு உண்டு. அடிபடுகிற ஆள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருப்பதில்லை என்பது என் அனுபவம்.

ஒப்பந்த ஆள் ஆறு மாதத்தில் போய்விடுவான், அவனுக்கு ஏன் செலவு என்பார்கள். எங்கே போவான்? அடுத்த காம்பவுண்டுக்குப் போவான். அங்கேயும் 22 கே.வி.தான் ஓடுகிறது.

பயிற்சி தமிழில் இருக்க வேண்டும் என்பதை நான் மொழிப்பற்றில் சொல்லவில்லை. அபாயப் பலகையில் உள்ளூர் மொழியும் இருக்க வேண்டும் என்று 1956 மின்சார விதிகளிலேயே இருந்தது. 2010-ல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அதையே சொன்னன. பலகையில் மண்டை ஓடும் எலும்பும் வரைந்து ‘அபாயம்’ என்று தமிழில் எழுதிவிடுகிறோம். அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே போகிறவனிடம் மட்டும் இங்கிலீஷ் தாளில் கையெழுத்து வாங்குகிறோம். ஒரு தமிழ்ச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்ததால் ஒரு கை போனது. எந்த ஆங்கிலக் கையேடு அதைச் சொல்லித் தந்திருக்கும்?

அந்தப் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு மொட்டை மாடியில் நானே சொல்லித் தருகிறேன். துணி காயப்போடுகிற கொடிதான் லைன். ஒட்டடைக் கம்பு டிஸ்சார்ஜ் ராடு. மனைவி திட்டுகிறாள், வடகம் காயப்போட இடமில்லை என்று. போன வாரம் அவன் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். யாராவது நாலு சென்ட் இடம் கொடுத்தால், மாடியில் இருந்து இறங்கிவிடுவோம்.

பெயரைப் போட வேண்டாம். அந்த ஆலையில் என் தம்பி மகன் இன்னும் வேலை பார்க்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின் மேற்பார்வையாளர்,
கடலூர் முதுநகர்.