போர்வையை மீண்டும் தைத்துத் தந்தவர்களுக்கு

அன்புக்குரியவர்களே,

வியாழக்கிழமை இரவு நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்கு மனம் வரவில்லை. கிழிந்து கிடந்த எங்கள் ஒட்டுத்துணிப் போர்வை ஞாயிறு காலை ஸ்காபரோ மண்டபச் சுவரில் முழுதாகத் தொங்கியதற்கு நீங்களே காரணம் என்பதை, கைநடுக்கம் தீருமுன்னரே எழுதிவிட விரும்புகிறேன்.

1987 ஒக்டோபர் 11 அன்று, எயிட்ஸால் மாண்டோருக்காக வாஷிங்டனில் விரிக்கப்பட்ட நினைவுப் போர்வையில் 1,920 துண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு புதைகுழியின் அளவாக 3 அடிக்கு 6 அடி. அதை எண்ணியே நாங்களும் துணியைத் தேர்ந்தோம். எங்களுடையது உயிரோடிருப்பவர்களின் போர்வை என்பதால் அளவை மட்டும் மாற்றிக்கொண்டோம். ஒருபாலுறவைக் குற்றமாக்கிய, இலங்கைத் தண்டனைக் கோவையின் 365அ பிரிவுக்கு அஞ்சி ரொறன்ரோவுக்கு வந்து, தங்கள் காதலைக் கடிதங்களாலும் படங்களாலும் அகதிச் சபையின் முன் மெய்ப்பிக்க வேண்டியிருந்த பால்புதுமையினரும், பிறர் வீட்டிலேயே தங்கி 24 மாதம் உழைத்ததற்குத் தாள் காட்டினால்தான் நிரந்தர வதிவிடம் கேட்கலாம் என்றிருந்த காலத்தில் வந்த பிலிப்பீன்ஸ் பராமரிப்புப் பணிப் பெண்களும் ஒரே மேசையில் இருந்து தைத்தபோதுதான், சொந்த வாழ்க்கைக்கே சான்று கேட்கப்பட்டவர்கள் இத்தனை பேரா என்று நான் திகைத்தேன்.

சனிக்கிழமை மாலை, அடுத்த அறையில் முதியோர் கூட்டம் முடிந்து மகனின் காருக்காகக் காத்திருந்த ஆச்சி ஒருவர், எங்களைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உள்ளே வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏன் கிழிந்தது என்று அவர் கேட்கவில்லை. அம்மாவின் பழைய சேலைக் கரையில் நான் செய்திருந்த துண்டை மடியில் எடுத்து, என் கோணல் நூலோட்டத்தை ஒவ்வொரு தையலாகப் பிரித்தார். சங்கிலித் தையலில் இருந்த இரண்டு பெண் பெயர்களையும் விரலால் தடவி, “பிள்ளை, மற்றப் பேர் ஆற்றை?” என்றார். என் துணையுடையது என்றேன், தொண்டை அடைத்தது. அவர் நூல் நுனியை நாவில் நனைத்து ஊசியில் கோத்தபடி, “அப்ப ரெண்டு இழையாப் போட்டுத் தைப்பம். ஒரு இழை அறுந்துபோம்” என்றார். மகன் இரண்டு முறை வந்து கூப்பிட்டும், ஓரம் முழுவதும் மடித்துத் தைத்த பிறகே எழுந்தார்.

வெட்டுத்துணி தந்த புடவைக் கடைக்காரர்களுக்கும், இரவு வேலை முடிந்து உறங்காமல் வந்த அக்காமாருக்கும், சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கும், ஏணி பிடித்த தம்பிமாருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எங்களோடு தைத்தவர்களில் எவருக்கு இனி விசாரணை நாள் வந்தாலும், அந்த வாசலில் நான் காத்திருப்பேன்; இதை உங்கள் முன் உறுதியாகச் சொல்கிறேன்.

ஆச்சி, உங்கள் மூக்குக்கண்ணாடிக் கூடு மேசையிலேயே இருந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை, முதியோர் கூட்டம் முடியும் நேரத்துக்கு நாங்கள் இருவருமாகக் கொண்டுவந்து தருகிறோம்.