மெக்கேவுக்குத் துணை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் உயரமான முன்கள வீரர் சார்லி கர்னோ சிட்னி அணிக்கு மாறிய பின், அவருடைய பழைய அணியான கார்ல்டனுக்கு வேகமான சிறிய முன்கள வீரர்களே போதும் என்ற தங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரையை ஏற்க இயலவில்லை. 2021-இல் கார்ல்டனின் மற்றோர் உயரமான முன்கள வீரர் ஹாரி மெக்கேவும் 2022, 2023-இல் கர்னோவும் அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கம் வென்றார்கள் என்றால், எதிரணித் தடுப்பாளர்கள் இருவர் பக்கமும் பிரிந்து நிற்க நேர்ந்ததும் அதற்கு ஒரு காரணம். கர்னோ ஆடாத ஆட்டமொன்றை எம்சிஜி மைதானத்தில் கோல் கம்பங்களுக்குப் பின்னால் அமர்ந்து பார்த்தேன். உயர்ந்து வந்த பந்துக்கு மெக்கே எழும்பியபோதெல்லாம் மூவர் கூடவே எழும்பிப் பந்தைக் குத்தி விலக்கினர். 204 செ.மீ. உயரம் இருந்தும் பாவம், அவர் என்ன செய்வார்!

அடுத்த இளம் வீரர் தேர்வில் கார்ல்டன் தன் முதல் வாய்ப்பை உயரமான முன்கள வீரர் ஒருவருக்கே ஒதுக்க வேண்டும். அவர் தேறும் வரை நடுவர் பந்தை மேலே எழுப்பும்போது எழும்பித் தட்டும் உயரமான ‘ரக்’ வீரர்களில் ஒருவரை மெக்கேவுக்கு அருகில் நிறுத்தலாம்.

– வாசகர், மெல்பர்ன்