பாதி வழக்கில் தோற்றவன் எழுதுவது

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு வேலையைக் காரணம் சொல்ல மாட்டேன். நீ கேட்டிருந்த ஒரு கேள்விதான் காரணம். "இயக்குநர் ஜாக் ஸ்னைடரின் 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் சூப்பர்மேன் கொலை செய்துவிட்டான் என்று பத்து வருடமாக என் உயிரை எடுக்கிறாயே, உன் பழைய சூப்பர்மேன் கிறிஸ்டோபர் ரீவ் அதே வில்லன் ஜாட் என்பவனை என்ன செய்தார் என்று போய்ப் பார்" என்று எழுதியிருந்தாய். படித்ததும் கோபம்தான் வந்தது. அப்புறம் போய்ப் பார்த்தேன்.

அதற்கு முன் வீட்டுச் செய்தி. என் முதுகுவலி குறைந்துவிட்டது. நாற்காலியை மாற்றினேன், அவ்வளவுதான் வைத்தியம். அக்கா மகன் விடுமுறைக்கு வந்து எங்களோடு இருக்கிறான். நீ கடைசியாகப் பார்த்தபோது போர்வையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து குதித்தானே, அவனேதான். இப்போது மீசை வைத்துவிட்டான், ஸ்னைடர் கட்சியிலும் சேர்ந்துவிட்டான். ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் வெளிச்சம் தெரிகிறதே என்று எழுந்து போனால் போனில் யாரோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். என்னடா என்றால், "ஒருத்தன் ஸ்னைடருக்குக் கதை சொல்லவே வராதுன்னு சொல்றான் மாமா" என்கிறான், ஏதோ வீட்டுப் பெரியவரை அவமானப்படுத்திவிட்டதைப் போல. அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். ஹாஸ்டல் அறையில் உன்னிடம் பார்த்த முகம். நியாயமாகச் சொன்னால், என்னிடமும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு 'சூப்பர்மேன் 2' படத்தின் இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். அவனுக்குப் பின்கதையைச் சொல்லும்போதுதான் எனக்கே அது வரிசையாகப் புரிந்தது. ரிச்சர்ட் டானர் 1978-ல் வந்த முதல் படத்தையும் இரண்டாம் பாகத்தையும் சேர்த்தே எடுத்துக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர்களான சால்கைண்டுகளோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. முதல் படம் பெரிய வெற்றி, இரண்டாவதில் பெரும்பகுதி கையில் இருக்கிறது. ஆனாலும் அவரை அனுப்பிவிட்டு ரிச்சர்ட் லெஸ்டரைக் கொண்டுவந்தார்கள். லெஸ்டர் நிறையக் காட்சிகளைப் புதிதாக எடுத்தார், மார்லன் பிராண்டோவின் காட்சிகள் பணத் தகராறில் போயின, 1980-ல் லெஸ்டர் பெயரில் படம் வந்தது. டானர் எடுத்தவற்றைத் தேடிப் பிடித்து ஒட்டிய வடிவம் வெளியாக 2006 ஆகிவிட்டது. "அப்போ முதல் ஸ்னைடர் கட் இதுதானா மாமா?" என்றான் பையன். ஸ்னைடரின் 'ஜஸ்டிஸ் லீக்' படத்தையும் இப்படித்தான் வேறொருவர் மாற்றினார், ஸ்னைடரின் சொந்த வடிவத்தை ரசிகர்கள் போராடி வரவழைத்தார்கள், அதுதான் 'ஸ்னைடர் கட்'. ஆமாம் என்றேன். அவன் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம், தங்கள் போராட்டம்தான் உலகத்திலேயே முதல் என்று நினைத்திருந்தான் போலிருக்கிறது.

இப்போது அந்தக் காட்சி. பனிக்கோட்டைக்குள் ஜாட் தன் சக்தியை இழந்து நிற்கிறான், அது அவனுக்கே தெரியாது. சூப்பர்மேன் அவன் கையைப் பிடித்து நசுக்குகிறார். எலும்பு நொறுங்குகிற சத்தம் கேட்கிறது. அப்புறம் ஒற்றைக் கையால் தூக்கிச் சுவரை நோக்கி வீசுகிறார், ஜாட் வழுக்கிக்கொண்டு போய்ப் பனிமூட்டத்துக்குள் விழுந்து மறைகிறான். சக்தி இல்லாத, அந்த நிமிடத்தில் உன்னையும் என்னையும் போன்ற ஒரு ஆள்! சூப்பர்மேன் முகத்தில் சஞ்சலமே இல்லை. பின்னணி இசை குதூகலிக்கிறது. சின்ன வயதில் இதே இடத்தில் நான் கைதட்டியிருக்கிறேன்.

உடனே 'மேன் ஆஃப் ஸ்டீல்' போட்டோம். 2013-ல் தியேட்டரில் பார்த்ததோடு சரி, அதன் பிறகு அந்தக் கடைசிக் காட்சியை நான் பார்க்கவே இல்லை. பார்க்காமலேயே பத்து வருடம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன்! ரயில் நிலையத்தில் ஒரு குடும்பம் மூலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஜாடின் கண்ணிலிருந்து வரும் நெருப்புக் கோடு சுவரை அறுத்துக்கொண்டு அவர்களை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்கிறது. சூப்பர்மேன் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறான். முடியவில்லை, கழுத்தைத் திருப்புகிறான். அடுத்து அவன் மண்டியிட்டு அலறுவதையும், காதலி லோயிஸ் வந்து நிற்க அவள் மேல் முகம் புதைப்பதையும் நான் சுத்தமாக மறந்திருந்தேன். கொலை மட்டும் நினைவிருந்தது, அழுகை இல்லை. என் ஆள் கொன்றுவிட்டுப் புன்னகை மாறாமல் பறக்கிறார், உன் ஆள் கொன்றுவிட்டு உடைந்து போகிறான். கொலைகாரன் என்று நான் யாரைத் திட்டினேன்? எழுதவே கை கூசுகிறது.

'டானர் கட்'டில் காலத்தையே பின்னோக்கிச் சுழற்றிவிடுவதால் ஜாட் மறுபடி சிறைக்குள் போய்விடுகிறான் என்று முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். பையன் விடவில்லை. "அது முதல் படத்தோட க்ளைமாக்ஸ் ஆச்சே?" என்றான். உண்மைதான். இரண்டாம் பாகத்துக்கென்று யோசித்து வைத்த முடிவை முதல் பாகத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் இந்த வடிவத்தில் அதே பூமி மறுபடியும் பின்னோக்கிச் சுற்றுகிறது. லோயிஸ் துப்பாக்கியால் சுட்டு, கிளார்க்தான் சூப்பர்மேன் என்ற குட்டை உடைக்கும் ஓட்டல் காட்சியையும் பார். அதை டானர் எடுத்து முடிக்கவே இல்லை. நடிகர் தேர்வுக்காக எடுத்த பரீட்சைக் காட்சிகளை ஒட்டியிருக்கிறார்கள். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் இடையே ரீவின் தலைமுடி மாறுகிறது, உடம்பு கூடிக் குறைகிறது. எனக்கு மொத்தப் படத்திலும் அதுதான் பிடித்த இடம், ஏனென்று கேட்காதே.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒன்று இடிந்தால் அடுத்ததும் இடிகிறது. பேட்மேன் கொல்ல மாட்டான் என்று, ஸ்னைடரின் பேட்மேனாக நடித்த பென் அஃப்லெக்கைக் கழுவி ஊற்றினேன் அல்லவா? என் செல்ல டிம் பர்ட்டனின் 1992 படத்தில் பேட்மேன் ஒரு தடியன் மேல் வெடிகுண்டைக் கட்டிவிட்டுச் சிரிக்கிறார். ஸ்னைடர் அப்படி எடுத்திருந்தால் நான் எத்தனை பக்கம் எழுதியிருப்பேன் என்று உனக்குத் தெரியும்.

'ஸ்பைடர்மேன் 3' விஷயம் இன்னும் மோசம். 2007-லிருந்து சாம் ராய்மியைத் திட்டி வருகிறேன், வில்லன்களை அள்ளிப்போட்டுப் படத்தைக் கெடுத்தார் என்று. அவருக்குப் பிடித்தது மணல் மனிதன்தான். வெனம் என்ற வில்லனைச் சேர்க்கச் சொல்லி வற்புறுத்தியவர் தயாரிப்பாளர் ஆவி அராட், ரசிகர்களுக்கு வெனமைப் பிடிக்கும் என்று. அதாவது வெனம் வேண்டும் என்று கத்திய கூட்டத்தில் நீயும் நானும் உண்டு. கத்தியது நாம், அடி வாங்கியது ராய்மி.

இதனால்தான் இப்போது டைட்டிலில் வரும் 'இயக்கம்' என்ற எழுத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வருகிறது. உன் 'ஜஸ்டிஸ் லீக்'கையே எடுத்துக்கொள். 2017-ல் வந்த படத்தில் இயக்குநர் என்று ஸ்னைடர் பெயர் மட்டும்தான் இருந்தது. மகளைப் பறிகொடுத்துவிட்டு அவர் ஒதுங்கியபின் ரீஷூட் செய்தவர் ஜாஸ் வீடன், அவர் பெயர் எழுத்தாளர்கள் வரிசையில் மட்டும். அந்தப் படத்தைப் பார்க்கவே வேண்டாம் என்று ஸ்னைடரின் மனைவியும் கிறிஸ்டோபர் நோலனும் தடுத்துவிட்டார்களாம். தான் பார்க்காத ஒரு படத்துக்காக அவர் வாங்கிய வசவில் என் பங்கும் இருக்கிறது. ஹென்றி கேவில் வேறு படத்துக்காக வளர்த்த மீசையை எடுக்க முடியாமல் கம்ப்யூட்டரில் அழித்தார்களே, அந்த மேலுதட்டை வைத்து நான் உனக்கு அனுப்பிய மீம்கள் எத்தனை! அந்த வீட்டில் என்ன நடந்திருந்தது என்று தெரிந்தும் அனுப்பினேன். அதை இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

2021-ல் வந்த நான்கு மணி நேர வடிவத்தையும் ஒருவழியாகப் பார்த்தேன், இரண்டு ராத்திரியாக. பாதி மனிதன் பாதி இயந்திரமான சைபார்க் விஷயத்தில் முழுமையாகச் சரணடைகிறேன். 2017 படத்தில் அவன் ஒரு உலோக உடை, அவ்வளவுதான். இதில் அம்மாவை இழந்து, தன்னைக் காப்பாற்றிய அப்பாவையே வெறுக்கும் ஒரு பிள்ளை. உலகத்தின் பணமெல்லாம் அவன் விரல் நுனியில் கிடக்கிறது. அதில் பிள்ளைகளோடு கஷ்டப்படும் ஒரு ஓட்டல் பணிப்பெண்ணை அவன் கவனிக்கிறான், ஏ.டி.எம். திரையில் அவள் கணக்கில் பணம் ஏறுகிறது. சண்டை இல்லை, வசனம் இல்லை, அவள் முகம் மட்டும். இதை வெட்டிவிட்டா அந்தப் படத்தை வெளியிட்டார்கள்!

முழுச் சரணாகதி என்று நினைத்துவிடாதே. அக்வாமேன் கடலுக்குள் போனதும் கரையில் பெண்கள் நின்று பாடுகிறார்களே, ஒருத்தி அவன் கழற்றிப்போட்ட ஸ்வெட்டரை எடுத்து முகர்ந்து பார்க்கிறாளே, அதை எந்த ஸ்னைடர் பக்தராவது எனக்கு விளக்கட்டும். நான்கு மணி நேரத்தில் ஒரு மணி நேரம் ஸ்லோ மோஷன் என்று சொன்னேன், பையன் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

ஸ்னைடர் ரசிகர் கூட்டத்தைப் பற்றி நீ எழுதியதை நான் பாதிதான் ஏற்பேன். ஸ்னைடரின் வடிவத்தை வெளியிடச் சொல்லி ஹேஷ்டேக் போட்டவர்கள் தற்கொலைத் தடுப்பு அமைப்புக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள், உண்மை, பெரிய காரியம். அதே ஹேஷ்டேக்கை வைத்துக்கொண்டு மாற்றுக் கருத்து சொன்னவர்களைத் துரத்தித் துரத்தி ஏசியவர்களும் இருந்தார்கள். ஸ்னைடர் கட்சிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை இது. 2012-ல் நோலனின் மூன்றாவது பேட்மேன் வருவதற்கு முன்பே, அது நன்றாக இல்லை என்று எழுதிய விமர்சகர்களுக்குக் கொலை மிரட்டல் வந்தது. மிரட்டியவர்களில் பெரும்பாலோர் படத்தையே பார்த்திருக்க முடியாது. மைக்கேல் கீட்டன் பேட்மேனாக நடிக்கிறார் என்ற செய்தி வந்தபோது வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 கண்டனக் கடிதங்கள் போனதாகச் சொல்வார்கள். அப்போது கோபப்படக் குறைந்தபட்சம் ஒரு தபால்தலை வாங்க வேண்டியிருந்தது. ஒட்டி, பெட்டி வரை நடந்து போவதற்குள் சிலருக்காவது கோபம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். 1989-ல் படம் வந்ததும் அந்த 50,000 பேரும் என்ன ஆனார்கள்? டிக்கெட் வரிசையில் நின்றிருப்பார்கள், வேறென்ன.

பையனிடம் நான் ஜெயித்த ஒரே இடத்தையும் சொல்லிவிடுகிறேன். சூப்பர்மேனைப் புதிதாக எடுத்த இயக்குநர் ஜேம்ஸ் கன் என்றாலே அவனுக்கு வேப்பங்காய். ஸ்னைடர் கட்டிய வீட்டை இடித்தவர் என்பான். 2004-ல் ஸ்னைடர் இயக்கிய முதல் முழுநீளப் படம், ஜாம்பிகள் வரும் படம், அதற்குத் திரைக்கதை எழுதியது யார் என்று பார்க்கச் சொன்னேன். போனில் தேடினான். ஜேம்ஸ் கன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அது வேற கன்னா இருக்கும் மாமா" என்றான். அன்று ராத்திரி ஹாலில் வெளிச்சம் இல்லை.

கன்னின் 2025 'சூப்பர்மேன்' பற்றி நீ எழுதப்போவது எனக்குத் தெரியும். கலர் கண்ணைக் குத்துகிறது, நாய் எதற்கு, காமெடி அதிகம். எழுது, பாதியை ஒப்புக்கொள்ளவும் தயார், ஒரு நிபந்தனையோடு. மலை போன்ற ஒரு மிருகம் நகரத்தை மிதித்துக்கொண்டிருக்கும்போது சூப்பர்மேன் நடுவில் பாய்ந்து ஒரு அணிலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பத்திரமாக விடுகிறார் அல்லவா? ஊரே அழிகிறபோது அணில் ஒரு கேடா என்று பையன் தலையில் அடித்துக்கொண்டான். எனக்கோ அந்த ஒரு ஷாட்டுக்குப் பிறகு படம் எப்படிப் போனாலும் பரவாயில்லை என்றாகிவிட்டது.

உன் கட்சிக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதை விடு. நீ படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் பதில் போடு. எதை வேண்டுமானாலும் கிழி, அணிலை மட்டும் விட்டுவிடு.

உன்,
கண்ணன்